கலாலாவ் கடற்கரை: தண்ணீர் வழிவிட்டால்தான் பயணம்

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பம் ஜூலையில் ஹவாயின் கவாய் தீவுக்குப் போகிறது. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், மதுரையிலிருந்து வந்திருக்கும் எழுபதை நெருங்கும் பெற்றோர். முதல் நோக்கம் அங்கே இருக்கும் 'இறைவன் கோயில்' என்ற சிவன் கோயிலின் தரிசனம். கூடவே, பச்சை மடிப்புகளாக இறங்கும் மலைச்சுவருக்குக் கீழே ஆளே இல்லாத ஒரு மணற்கரையைப் படத்தில் பார்த்து மனம் போயிருக்கிறது. அதுதான் கலாலாவ். கார் எதுவரை போகும், ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, படகில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்களா, பெற்றோரையும் பையனையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் அங்கே போகாது. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். படகில் ஆளையோ மூட்டையையோ இறக்கிவிடுவது சட்டப்படி குற்றம். யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். பெற்றோருக்கு அந்த நடை கூடவே கூடாது. பையனுக்கு அதில் ஒரு பகுதி மட்டும் சரியாக வரும். ஆனால் நீங்கள் ஐந்து பேருமே கலாலாவைக் கண்ணாரப் பார்க்க வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் திட்டம் தானாகவே நேராகிவிடும்.

கவாய் ஏறத்தாழ வட்டமான தீவு. ஆனால் அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் கார் ஓட்ட முடியாது. வடக்கே போகும் சாலை கேஎ கடற்கரையில் முடிந்துவிடும். மேற்கே போகும் சாலை போலிஹாலேயில் முடியும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் நா பாலி, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நேராக இறங்கும் மலைச்சுவர். சில இடங்களில் 1,200 மீட்டர் உயரம். தீவின் வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். ஹவாயின் பெரிய தீவுகளில் மூத்தவற்றுள் ஒன்று. அவ்வளவு காலமும் மழையும் அலையும் எரிமலைப் பாறையை அறுத்து அறுத்துத்தான் இந்த மடிப்புகள் உண்டாயின. தீவின் நடுவே இருக்கும் வையலேயலே சிகரம் உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலாலாவ் பயணத்தில் உங்கள் உடல் வலுவைவிட இந்த மழைக்குத்தான் அதிகாரம்.

கேஎயிலிருந்து கலாலாவுக்கு ஒற்றையடிப் பாதை 11 மைல், அதாவது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். போக மட்டும். தூரத்தைப் பார்த்து, "பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள்தானே நாங்கள்" என்று தோன்றலாம். இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. பாதை ஐந்து பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி இறங்கி ஏறுகிறது. அவ்வளவு ஏற்றத்தையும் கூட்டினால் 1,500 மீட்டரைத் தாண்டும். மண் செம்மண். மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் உருளும் சரளையாகிவிடும். முதுகில் கூடாரமும் மூன்று நாள் சாப்பாடும் வேறு. நன்றாக நடக்கிறவர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

முதல் இரண்டு மைல் முடிவில் ஹனகாபியாய் ஓடையும் அதன் கரையும் வரும். அதுவரை போய்த் திரும்ப, கேஎ அமைந்திருக்கும் ஹாஎனா மாநிலப் பூங்காவின் நுழைவு அனுமதி போதும். ஹனகாபியாய் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கலாலாவ் பக்கம் ஓர் அடி வைத்தாலும், இரவு தங்காவிட்டாலும், கலாலாவ் முகாம் அனுமதி கையில் இருக்க வேண்டும். இல்லாமல் போய் அதிகாரிகளிடம் சிக்கினால் அபராதம், நீதிமன்றம் என்று போகும். ஹவாய்க்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 35 டாலர். அதிகபட்சம் 5 இரவுகள். 90 நாளுக்கு முன் இணையத்தில் திறப்பார்கள். கோடைக்கால இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும்.

இந்தக் கெடுபிடியெல்லாம் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கெடுபிடியில் முழு உடன்பாடு உண்டு. 2018 ஏப்ரலில் கேஎக்குப் போகும் வழியிலுள்ள வைபாவில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அமெரிக்காவில் பதிவான 24 மணி நேர மழையில் அதுதான் சாதனை. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அளவு புரியும். சாலை சரிந்து, அந்தக் கடைக்கோடி ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஹாஎனா பூங்காவும் பாதையும் ஓராண்டுக்கு மேல் மூடியே கிடந்து 2019 ஜூனில்தான் திறந்தன. திறக்கும்போது, முன்புபோல் நாளுக்கு ஆயிரக்கணக்கானவர்களை விடாமல் 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முன்பதிவு கட்டாயமாயிற்று. சாலையோரமெங்கும் காரை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கத்தால் அங்கே குடியிருப்பவர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. அந்த வரம்புக்கு ஆதரவாக நின்றவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு.

இனி ஓடை. இதைத்தான் நான் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கலாலாவ் பாதை என்றாலே எல்லோரும் வேறொன்றைக் கண்டு பயப்படுகிறார்கள். ஏழாவது மைலுக்குப் பக்கத்தில் மலையின் இடுப்பில் ஓர் ஒடுங்கிய வெட்டு வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பல நூறு அடிக்குக் கீழே கடல். தவழ்ந்து போகும் இடம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே கடினம்தான். ஆனால் உலர்ந்த நாளில் நிதானமாகக் கால் வைத்தால் கடந்துவிடலாம். அங்கே ஆபத்து கண்ணெதிரே தெரிகிறது; மனிதன் தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறான். ஓடை அப்படியல்ல. காலையில் பையன்கள் கல்லுக்குக் கல் தாவி விளையாடும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். கரையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். அதே நேரம் மேலே மலையுச்சியில் மழை பிடித்திருக்கும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சிறிது நேரத்திலேயே இடுப்பளவு செந்நீர் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தப் பாதையில் ஓடைகளைப் பெரும்பாலும் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும்.

2014 ஏப்ரலில் ஹனகாபியாய் ஓடை இப்படிப் பெருகியதில் அக்கரையில் சிக்கிய 121 பேரை மீட்க வேண்டிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் காலையில் சாதாரணமாக ஓடையைத் தாண்டிப் போனவர்கள். வேறு சமயங்களில் கடக்க முயன்று அடித்துச்செல்லப்பட்டு இறந்தவர்களும் உண்டு. அங்கே ஒருபோதும் மறக்கக் கூடாதது: தண்ணீர் கலங்கிவிட்டாலோ முழங்காலைத் தாண்டிவிட்டாலோ இறங்கக் கூடாது. அக்கரையில் கார் சாவி இருக்கலாம், மறுநாள் விமானம் இருக்கலாம், மாமியார் சாப்பிடாமல் காத்திருக்கலாம். எதற்காகவும் இறங்கக் கூடாது. சட்டென்று ஏறும் அந்த வெள்ளம் மழை விட்டதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மேட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வழி. அதற்காகவே, ஒரு நாள் நடையாகப் போனாலும் கூடுதலாக ஒருவேளைச் சாப்பாடும் ஒரு மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும். கலாலாவுக்கே போகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது ஒரு முழு நாளாவது இடைவெளி விட வேண்டும். கைபேசிக்கு அந்தக் கரை நெடுகச் சிக்னல் கிடையாது.

கடலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஹனகாபியாய் கரையில் நீந்த வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகையைப் பார்ப்பீர்கள். அங்கே மூழ்கியவர்களின் எண்ணிக்கையைக் கோடு கோடாகக் கிழித்துவைத்த மரப்பலகை ஒன்று வெகுகாலம் நின்றிருந்தது. அலையைத் தடுக்கப் பவளப்பாறைத் திட்டு அங்கே இல்லை. வட பசிபிக்கிலிருந்து வரும் அலை நேராக வந்து கரையில் விழுகிறது. திரும்பும்போது இழுத்துக்கொண்டு போகிறது. இழுத்துப்போனால் பக்கத்தில் கரையேற இடமில்லை, மலைச்சுவர்தான். உயிர்காப்பாளர்களும் கிடையாது. குளிர்காலத்தில் அந்த மணலே காணாமல் போய் வெறும் உருளைக்கற்கள்தான் கிடக்கும். கலாலாவிலும் இதே கதைதான். கோடையில் மணல் அகலமாக விரிந்திருக்கும், மேற்குக் கோடியிலுள்ள குகைகள் வரை நடக்கலாம்; குளிர்காலத்தில் அலை குகை வாசல்வரை ஏறிவிடும். ஜூலையிலும் கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையன் தண்ணீரில் விளையாட வேண்டுமானால் கேஎ நல்ல இடம்: பவளத்திட்டுக்கு உள்ளே கோடையில் கடல் அநேக நாள் அமைதியாக இருக்கும், உயிர்காப்பாளர்களும் இருப்பார்கள். அன்று இறங்கலாமா என்று அவர்களையே கேளுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு "மனிதர் காலே படாத இடம்" என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படியில்லை, அது எனக்கு முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கலாலாவ் ஓர் ஊர். பல நூற்றாண்டுகள் ஹவாய் மக்கள் அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்தார்கள். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, படிப்படியாகக் கல் அடுக்கி, நீர் நிற்கும் பாத்திகளில் கலோ பயிரிட்டார்கள். கலோ வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். அவர்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு. அது மட்டுமல்ல, தங்கள் குலத்துக்கே மூத்த உடன்பிறப்பு என்று அவர்கள் மரபு அதைப் போற்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த நோய்களும் பிழைப்புக்காக ஊர் மாறிப் போனதும் சேர்ந்து பள்ளத்தாக்கைக் காலிசெய்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. பிறகு கொஞ்ச காலம் மாடு மேய்ந்தது. கல் வரப்புகள் இன்றும் காட்டுக்குள் அப்படியே இருக்கின்றன. ஓடைமுகத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய வழிபாட்டு மேடையின் கல் அடுக்கும் இருக்கிறது. நம் ஊரில் சிதைந்த கோயிலின் கருங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும். அந்தக் கற்களில் ஏறாமல், ஒன்றைக்கூட நகர்த்தாமல் வாருங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயரோடு என்றும் சேர்ந்திருப்பவர் கோஓலாவ். தொழுநோய் கண்டவர்களை மொலொகாய் தீவின் கலாவ்பாபாவுக்கு அனுப்பி ஒதுக்கிவைக்கும் சட்டம் 1865-இல் வந்தது. மாடு மேய்க்கும் திறமைசாலியான கோஓலாவுக்கும் நோய் கண்டது. மனைவி பிஇலானியைப் பிரித்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. மனைவியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு மலை வழியாகக் கலாலாவுக்குள் இறங்கிவிட்டார். 1893 ஜனவரியில் ஹவாய் அரசி பதவியிலிருந்து தள்ளப்பட்டார். புதிய அரசு அந்த ஆண்டின் நடுப்பகுதியில் கோஓலாவைப் பிடிக்க ஆள் அனுப்பியது. அவரைப் பிடிக்கப் போன துணை ஷெரிப் சுடப்பட்டு இறந்தார். பிறகு பீரங்கியோடு படையே வந்தது. அவர்களாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நோய் முதலில் மகனையும் பிறகு தந்தையையும் கொண்டுபோனது. இருவரையும் தன் கையால் புதைத்துவிட்டு, பிஇலானி தனியாக மலையேறி ஊர் திரும்பினார். அவர் சொன்ன வரலாறு 1906-இல் ஹவாய் மொழியிலேயே அச்சாகியது. கலாலாவ் மணலில் கூடாரம் போடுகிறவர்கள் இந்த மூவரையும் தெரிந்துகொண்டு போட வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

பாதையோரம் பார்க்கும் மரங்களிலும் இந்தக் குடியிருப்பின் சுவடு உண்டு. ஆறாவது மைலில் இருக்கும் ஹனகோவா பள்ளத்தாக்கில் பழைய காப்பித் தோட்டத்தின் செடிகள் காடாகிக் கிடக்கின்றன. கடலோரச் சரிவுகளில் தாழை வகை மரங்கள்; அவற்றின் ஓலையில்தான் அந்நாளில் பாயும் படகுப் பாயும் பின்னினார்கள். கலாலாவில் எங்கு பார்த்தாலும் நாவல் மரம். உங்கள் பெற்றோர் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நாவலும் கொய்யாவும் அங்கே உள்ளூர்த் தாவரங்களை மூச்சுத்திணற வைக்கும் மரங்கள். ஒரு செருப்பில் ஒட்டிய மண்ணிலும் விதை பயணம் செய்யும். பாதை தொடங்கும் இடத்தில் காலணியைச் சுரண்டித் துடைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

உண்மையாகவே முகாம் அனுமதி வாங்கி, கணவனும் மனைவியும் மட்டும் இன்னொரு முறை போவதாக இருந்தால் சில காரியங்கள். ஹவாயில் பாம்பு பயம் இல்லை. தண்ணீர்தான் பயம்: ஓடை நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், காலில் திறந்த புண் இருந்தால் ஓடையில் ஊறவிடாதீர்கள். விறகு மூட்டக் கூடாது என்பதால் சின்ன எரிவாயு அடுப்பு வேண்டும். அதன் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், தீவில் இறங்கியபின் வாங்குங்கள். சாப்பாட்டுக்கு அவலைப்போல் ஒன்று கிடையாது. கனமில்லை, அடுப்பு பற்றாவிட்டாலும் நனைத்தால் போதும்; கொஞ்சம் வேர்க்கடலை, பருப்புப்பொடி, வெல்லம் இருந்தால் இரண்டு நாளும் தெம்பாகப் போகும். முதல் நாளே கலாலாவ் வரை போய்விட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹனகோவாவில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலைக் குளிர்ச்சியில் அந்த ஒடுங்கிய இடத்தைக் கடப்பதே என் விருப்பம். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் நிழலே இருக்காது. துறவிச் சீல் என்று பெயர் பெற்ற அரிய கடல்நாய் ஒன்று மணலில் படுத்திருப்பதைக் காண நேர்ந்தால் 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அது களைப்பாறத்தான் வந்திருக்கிறது, உதவி கேட்டு அல்ல.

இப்போது உங்கள் ஜூலைப் பயணத்துக்கு வருகிறேன். ஐந்து பேரும் கலாலாவைப் பார்க்கச் சிறந்த இடம், கடல் பக்கம் இல்லை, மலைமேல் இருக்கிறது. தீவின் மேற்கிலிருந்து வைமேயா பள்ளத்தாக்கு வழியாகக் கோகேஎ மாநிலப் பூங்காவுக்குக் கார் ஏறும். அங்கே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் கலாலாவ் காட்சிமுனை. வண்டியிலிருந்து இறங்கி நாலடி நடந்தால் போதும். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்து, கோடியில் கடல் தெரியும். மேகம் வந்து மூடிவிட்டால் வெள்ளைச் சுவர்தான். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். மூடியிருந்தால் கால்மணி, அரைமணி பொறுங்கள், திறந்து திறந்து மூடும். பெற்றோருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே குளிரும். அங்கிருந்து கீழே இறங்கப் பாதை கிடையாது, வேலியைத் தாண்டிப் பையன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் பக்கமிருந்து பார்க்க, தெற்கே போர்ட் ஆலனிலிருந்து சுற்றுலாப் படகுகள் போகின்றன. கரையில் இறக்க மாட்டார்கள், ஓரமாகக் காட்டிக்கொண்டு போவார்கள். அலை தூக்கிப்போடும் என்பதால் முதுகுவலி உள்ளவர்களுக்குப் பெரிய படகாகப் பாருங்கள், ரப்பர் படகு வேண்டாம்.

இன்னொரு நாள் ஹாஎனா. பெற்றோரோடு உங்களில் ஒருவர் கேஎ நிழலில் உட்காரட்டும். மற்றவர் பையனோடு ஹனகாபியாய் வரை நடந்து திரும்பலாம், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நடந்து பழகிய பத்து வயதுப் பிள்ளைக்கு அது முடியும். முதல் அரை மைல் ஏறினாலே நா பாலியின் மடிப்புகள் வரிசையாகத் தெரிந்துவிடும். அவன் களைத்தால் அங்கிருந்தே திரும்பினாலும் குறையில்லை. வடக்குச் சாலையில் ஒற்றைவழிப் பாலங்கள் வரும். எதிர்ப்புறம் காத்திருப்பவர்களுக்கு வழிவிட்டு, ஐந்தாறு வண்டிகள் ஒரு கொத்தாகப் போவதுதான் அங்குள்ள மரியாதை. பெருமழையில் ஹனலேய் ஆறு ஏறினால் சாலையையே மூடிவிடுவார்கள். விமான நாளில் வடக்கே போகாதீர்கள்.

கோயிலை இந்த இரண்டு நாளோடும் கலக்காமல் தனியாக வையுங்கள். வைலுவா ஆற்றங்கரையில் இருக்கும் கவாய் ஆதீனம் 1970-இல் சிவாய சுப்ரமுனியசுவாமிகள் நிறுவியது. அவர் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றவர். இறைவன் கோயிலின் வெள்ளைக் கருங்கற்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் கையாலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. பார்வையாளர்களுக்குக் காலை நேரம்தான், முன்பதிவும் தேவை. அதை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்ற நாள்களை அதற்கேற்ப அமையுங்கள்.

ஹாஎனா நுழைவுக்கு 30 நாளுக்கு முன் பதிவு திறக்கும். கார் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் வைபாவிலிருந்து ஓடும் சிற்றுந்துக்குச் சேர்த்தே வாங்கலாம், பெற்றோரோடு போகும்போது அதுவே வசதி. முகாம் அனுமதி இருப்பவர்களுக்குத் தனி நுழைவுச் சீட்டு வேண்டாம், ஆனால் இரவு கார் நிறுத்தத் தனியாகப் பதிய வேண்டும். அடுத்த ஆண்டு ஜூலை 10 இரவுக்குக் கலாலாவ் வேண்டுமென்றால் ஏப்ரல் 11 அன்று திறக்கும். ஹவாய் நேரப்படி நள்ளிரவு என்றால் கோடையில் நியூ ஜெர்சியில் காலை ஆறு மணி; அலாரம் வைத்து உட்காருங்கள்.